மரபணுவைத் தொடாத ஊசி

கரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசி குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 'ஊசி போட்டால் மரபணு மாறிவிடும்' என்ற அச்சத்துக்கு இன்னும் அழுத்தமாகப் பதில் சொல்லியிருக்கலாம். நுண்ணிய கொழுப்புத் துளியில் பொதிந்து வரும் எம்ஆர்என்ஏ, கரோனா கிருமியின் மேல் முள்போல நீட்டியிருக்கும் முள்புரதத்தை நம் உடல் செல்கள் செய்வதற்கான குறிப்பு மட்டுமே. மரபணு இருக்கும் செல்லின் உட்கருவுக்குள் அது நுழைவதில்லை. வேலை முடிந்ததும் சிதைந்துவிடும். அந்தப் புரதத்தைக் கண்டு உடல் எதிர்ப்பாற்றலைப் பழக்கிக்கொள்கிறது. தொற்றே வராது என்பதல்ல. நோய் முற்றி உயிர்போகும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை இறக்கும் ஒருவர், 2021இல் போட்ட கோவிஷீல்டு சான்றிதழை மடிப்புக் கலையாமல் எடுத்துக் காட்டி, "என் மரபணு மாறியிருக்குமா ஐயா?" என்று கேட்டார். கோவிஷீல்டு எம்ஆர்என்ஏ வகையே அல்ல! கிராம சபைக் கூட்டங்களில் சுகாதார செவிலியர்கள் கால் மணி நேரம் இதை விளக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.