1996-இல் பிறந்த பையன்கள்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் இளையோர் அணிகளோடு இருந்தவரிடம் சீனியர் அணியைக் கொடுத்தால் தேறுவாரா என்று கேட்டிருந்தாய். ஸ்பெயின் கால்பந்துப் பயிற்சியாளர் லூயிஸ் டி லா ஃபுயென்டேவைப் பார். தேறுவார். ஏன் என்பதுதான் முக்கியம்.

1983-லும் 1984-லும் லீக் பட்டம் வென்ற அத்லெடிக் பில்பாவோவில் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர் அவர். கிளப் பயிற்சியாளராகச் சோபிக்கவில்லை. 2011-இல் அலாவெஸ் கிளப்பில் சில மாதங்களுக்கு மேல் நிற்க முடியவில்லை. 2013-இல் ஸ்பெயின் கால்பந்துச் சம்மேளனத்தில் சேர்ந்தார். 2015-இல் அவருடைய 19 வயதுக்குட்பட்டோர் அணி கிரீஸில் ரஷ்யாவை 2-0 என வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. உனாய் சிமோன், ரோட்ரி, மிக்கேல் மெரினோ, அசென்சியோ, செபாயோஸ் எல்லாரும் அந்த அணிப் பையன்கள்.

தேசிய இளையோர் அணியில் ஆளை விலைக்கு வாங்க முடியாது, தினமும் பயிற்சியும் கிடையாது. கிளப் ஆட்டம் முடிந்து கால் கனத்துப்போய் வருவார்கள். முதல் நாள் ஓய்விலேயே போய்விடும். உருப்படியாக இரண்டு மூன்று பயிற்சிதான் மிஞ்சும். அதில் புது ஆட்டமுறையைச் சொல்லித்தர முயல்கிற பயிற்சியாளர் தோற்றுப்போவார். எல்லா வயது அணிகளும் ஒரே முறையில் ஆடினால்தான் மேலே வருகிற பையன் முதல் நாளே தன் இடத்தில் நிற்பான்.

வயது விதியையும் கவனி. 21 வயதுக்குட்பட்டோர் என்றாலும் தகுதிச்சுற்று தொடங்கும்போது உள்ள வயதுதான் கணக்கு. அதனால் அவர் ஸ்பெயினுக்குப் பயிற்சியளித்த 2019 ஐரோப்பியப் போட்டியில் 1996 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஆடலாம். அந்த அணியின் ஃபாபியான் ரூயிஸுக்கு அப்போது வயது 23. முதல் ஆட்டத்தில் இத்தாலியிடம் 3-1 தோல்வி. பிறகு பெல்ஜியத்தை வென்று, போலந்தை 5-0 என நொறுக்கினார்கள். ஸ்பெயின், இத்தாலி, போலந்து மூன்றுக்கும் 6 புள்ளி. அந்த மூவருக்கிடையிலான கோல் வித்தியாசத்தில் ஸ்பெயின் முதலிடம். ஜெயிக்கிற ஆட்டத்திலும் கடைசிவரை கோல் தேட வேண்டும் என்பது இதற்குத்தான். இறுதியில் ஜெர்மனியை 2-1 என வென்றார்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் வயது வரம்பைக் கடந்த மூன்று பேரைச் சேர்க்கலாம். பெரிய பெயர்களைத் தேடாமல் அசென்சியோ, மெரினோ, செபாயோஸ் மூவரையும் அழைத்தார். 2015-இன் அதே 1996 பையன்கள். ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் கோல் போட்டது அசென்சியோ. இறுதியில் பிரேசிலிடம் 2-1 தோற்று வெள்ளி. ஆனால் ஒரு வருத்தம். யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் சீனியர் கோப்பை, அதன் அரையிறுதி ஆடி 16 நாளில் இளம் வீரன் பெட்ரியை ஒலிம்பிக்கில் இறக்கினார்கள். அந்தச் சீசனில் அவன் எழுபதுக்கும் மேல் ஆட்டங்கள் ஆடினான். அடுத்த சீசனில் தொடைக் காயத்தால் பல மாதம் வெளியே. பதினெட்டு வயது உடம்புக்கு அது அநியாயம்.

2022 டிசம்பரில் சீனியர் அணி கைக்கு வந்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே, யூரோ தகுதிச்சுற்றில், ஸ்காட்லாந்திடம் 2-0 தோல்வி. முந்தைய ஆட்டத்து அணியில் எட்டுப் பேரை மாற்றியிருந்தார். எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுப்பது இளையோர் அணியில் சரி. தகுதிச்சுற்றில் அது ஆபத்து என்றே எனக்குத் தோன்றுகிறது.

2024 யூரோ இறுதியில்தான் இத்தனை வருஷப் பழக்கம் கைகொடுத்தது. ரோட்ரிக்குக் காயம், இடைவேளையில் சுபிமெண்டி வந்தார். 68-ஆவது நிமிடத்தில் மொராட்டாவை எடுத்துவிட்டு ஓயார்சபாலை இறக்கினார். 86-இல் குகுரெயாவின் கிராஸ், ஓயார்சபாலின் வெற்றிக் கோல். கடைசியில் இங்கிலாந்தின் ஹெட்டரைக் கோல் கோட்டில் நின்று தலையால் தடுத்தது ஓல்மோ. சுபிமெண்டி, ஓயார்சபால், குகுரெயா, ஓல்மோ நால்வரும் அவரோடு டோக்கியோ போனவர்கள். அழுத்தத்தில் யார் எப்படி நிற்பான் என்பதை அவர் முன்பே கண்ணால் பார்த்திருக்கிறார்.

உன் பதினேழு வயது அணிக்கு ஒன்று செய். பட்டியலில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் எத்தனை, அக்டோபருக்குப் பின் பிறந்தவர்கள் எத்தனை என்று எண்ணு. முன்னவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்; சில மாதம் மூத்தவர்கள் என்பதால் தேர்வு நாளில் அவர்களுடைய உயரமும் வேகமும் கண்ணை மறைக்கும். விட்டுப்போன டிசம்பர் பையன்கள் பெயரைத் தனி நோட்டில் எழுதிவைத்து ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிடு. எண்ணிக்கை என்ன வந்தது என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
செல்வம்