ரெபெக்கா ன்ஜாவைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு

ஆப்பிரிக்க எழுத்தைத் தமிழில் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கென்யா என்றால் நமக்கு நாவலாசிரியர் கூகி வா தியாங்கோதான். அதே கிகுயு இனத்தில் அவருக்கு 6 ஆண்டு முன்னால், 1932இல் கன்யாரிரி கிராமத்தில் பிறந்தவர் ரெபெக்கா ன்ஜாவ். உகாண்டாவின் மக்கெரெரே கல்லூரியில் படித்தவர், நைரோபியில் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். அவரை மொழிபெயர்க்கும் எண்ணம் இருந்தால், எங்கே வழுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதல் வேலை பெயர். 'ன்ஜாவ்' அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் அல்ல. கணவர், தான்சானிய ஓவியர் எலிமோ ன்ஜாவ் வழி வந்தது. தொடக்கக் காலத்தில் 'மரீனா காஷே' என்ற புனைபெயரிலும் எழுதினார். இந்தப் பெயரைத் தேடாமல் தொகுப்பு போட்டால் சொந்த ஊரைப் பற்றிய கவிதை விடுபட்டுப் போகும். பின்னட்டையில் 'முதல் ஆப்பிரிக்கப் பெண் நாவலாசிரியர்' என்று போட்டுவிடாதீர்கள். நைஜீரியாவின் ஃப்ளோரா ந்வாப்பா, கென்யாவிலேயே லுவோ இனத்து கிரேஸ் ஒகோட் இருவரின் நாவல்களும் 1966இலேயே வந்துவிட்டன. கிகுயுப் பெண்களில்கூட சாரிட்டி வாசியூமாவின் சிறுவர் நூல்கள் அதே ஆண்டில் வெளியாகின. ன்ஜாவின் நாவல் 'ரிப்பிள்ஸ் இன் தி பூல்' 1975இல்தான் வந்தது. அவருடைய முன்னோடித்தனம் நாடகத்தில்.

அந்த நாடகம் 'தி ஸ்கார்', ஓரங்க நாடகம். 1963இல் 'டிரான்சிஷன்' இதழில் அச்சானது. ஊர்ப் பெண்களைச் சடங்கிலிருந்து விடுவிக்கப் பார்க்கும் மரியானாவின் கதை. இங்கேதான் பெரிய பள்ளம். 'சடங்கு' என்று எழுதினீர்களோ, தமிழ் வாசகர் மஞ்சள் நீராட்டையும் சீர்த்தட்டையும் நினைத்துக்கொள்வார். கிகுயுவில் அது இருபாலருக்கும் பொதுவான பருவமேற்பு. பெண்களுக்கு உறுப்பை வெட்டுவதும் அதில் அடங்கியிருந்தது. 'பெண்ணுறுப்புச் சிதைப்பு' பொருளளவில் சரி, ஆனால் நாடகத்தில் ஊர்க்கிழவி வாயில் அறிக்கைத் தமிழ் நிற்காது. வசனத்தில் கிகுயுச் சொல்லையே வைத்து, முதல் முறை வருமிடத்தில் பொருளை உணர்த்துவதுதான் வழி. அதையும் 'இருவா' என்று எழுதினால் 'இரு, வா' என்று படிப்பார்கள். 'ஈருவா' என்று நீட்டுங்கள்.

முன்னுரையில் 1929ஐக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு கிறிஸ்தவ மிஷன் சபைகள் இந்த வெட்டுக்கு எதிராக உறுதிமொழி கேட்டன. மறுத்தவர்கள் சபையை விட்டு வெளியேறித் தனிப் பள்ளிகள் கட்டினார்கள். வெட்டை எதிர்ப்பவள் வெள்ளையர் பக்கம் என்று ஊர் நினைத்ததற்கு இந்தப் பின்னணிதான் காரணம். இது தெரியாவிட்டால் மரியானா வெறும் சீர்திருத்தப் பேச்சாளராகத் தெரிவார்.

எழுத்துக்கூட்டல் எளிது, பழகிவிட்டால். ஆங்கிலப் பதிப்புகள் உயிரெழுத்துக் குறிகளைக் கழற்றிவிடுகின்றன. மேலே குறியிட்ட 'இ' (ĩ) ஏகாரத்துக்கும் குறியிட்ட 'உ' (ũ) ஓகாரத்துக்கும் நெருக்கமான ஒலி. 'கிகுயு' தமிழில் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். அவர்கள் வாயில் அது ஏறத்தாழ 'கேகோயோ'. ஆங்கில 'சி' (c) எழுத்து ககரம் அல்ல, சகரம்: நாவலில் வரும் காசிரு, மேலே சொன்ன வாசியூமா. 'காகிரு' என்று எழுதினால் தவறு. கிகுயுவினர் புனிதமாகக் கருதும் மோகுமோ மரத்தை 'அத்தி' ஆக்கினால் வாசகர் பழத்தை நினைப்பார். அது வேறொரு மரத்தின் மேல் முளைத்து, வேரிறக்கி, அந்த மரத்தையே நெரித்து வளர்வது. நம்மூர் இச்சிக்குத்தான் நெருக்கம்.

'ரிப்பிள்ஸ் இன் தி பூல்' நாவலை நைரோபியின் டிரான்ஸ்ஆப்பிரிக்கா வெளியிட்டது. 1978இல் ஹைனமன் தன் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் சேர்த்தது. நாவலின் நாயகி செலினாவுக்குக் கணவனின் தங்கை காசிருவின் மேல் வருவது ஆசை. அதை 'தங்கைப் பாசம்' என்று துவைத்துக் காயப்போட்டால் பின்னால் நடக்கும் கொலைக்குக் காரணமே இல்லாமல் போகும்.

உரிமை இன்னும் காலாவதியாகவில்லை. எழுத்துப்பூர்வ இசைவு கைக்கு வரும்வரை அச்சுக்கு அனுப்பாதீர்கள். நாவலுக்கு அவசரம் இல்லை. நாடகம் சிறியது, சிற்றிதழின் ஒரே இதழில் அடங்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்