எலி சாகவில்லை என்றால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "2000 மில்லிகிராம் கொடுத்தும் எலிகள் சாகவில்லை, ஆகவே பக்கவிளைவே இல்லை" என்ற வரி மூலிகைச் சாறுகள் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பாதியை அதிலிருந்து எடுக்கவே முடியாது.

அந்த 2000 என்பது எலியின் ஒரு கிலோ எடைக்கான அளவு. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 423ஆம் எண் நச்சுச் சோதனை நெறிமுறையில் வழக்கமான உச்சப்படி அது. ஒரே ஒரு வேளை கொடுத்து 14 நாள் கவனிக்க வேண்டும். படிக்கு மூன்று எலி, பெரும்பாலும் பெண் எலிகள். நேராக உச்ச அளவில் தொடங்கி எலிகள் தாங்கினால், ஆறு எலிகளோடு சோதனை முடிந்துவிடும். பாதி விலங்குகள் சாகும் அளவைத் தேடி, அவற்றைக் கூட்டமாகக் கொன்ற பழைய எல்.டி.50 முறை 2002இல் கைவிடப்பட்டது நல்ல காரியம்தான். ஆனால் ஆறு எலிகள் ஒரு வேளை தாங்கியதை வைத்து, மண்டலக் கணக்கில் குடிப்பவரின் கல்லீரலுக்கு யார் உறுதி சொல்வது? அதற்கு 28 நாள் சோதனை வேண்டும். குழுவுக்கு ஐந்து ஆண், ஐந்து பெண். மூன்று அளவுகளும் மருந்தில்லாக் குழு ஒன்றும் சேர்ந்து குறைந்தது 40 எலிகள். முடிவில் இரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டும். இரத்தம் எடுக்கையில் செல்கள் உடைந்தால் பொட்டாசியமும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எஸ்.டி. நொதியும் பொய்யாக ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

கொடுக்கும் விதத்திலேயே பாதிப் பிழை நடக்கிறது. 200 கிராம் எலிக்கு 2000 என்றால் 400 மில்லிகிராம் சாறு. 100 கிராம் எடைக்கு 1 மில்லி என்ற வழக்கமான வரம்பில் 2 மில்லிக்குள் அதை அடக்கினால், மில்லிக்கு 200 மில்லிகிராம். வாய் வழியே வயிற்றுக்குள் செலுத்தும் ஊசியில் இறங்காத குழம்பு. தண்ணீரில் கலந்ததற்கு 100 கிராம் எடைக்கு 2 மில்லி வரை அனுமதி உண்டு என்பதால் 4 மில்லியாக நீர்க்கச் செய்யலாம். சி.எம்.சி. என்ற கெட்டியாக்கும் பொருள் சேர்த்த நீரில் கலக்கிய சாறு நிற்க நிற்க அடியில் படியும். ஒவ்வொரு எலிக்கும் முன் குலுக்காவிட்டால் முதல் எலிக்கு வெறும் தண்ணீரும் கடைசி எலிக்கு வண்டலும் போகும். அந்த உருண்டை முனை ஊசி உள்ளே தடைபட்டால் அழுத்தக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் போனால் மூக்கில் நுரை தள்ளி எலி செத்துவிடும். அறுத்து நுரையீரலைப் பார்க்காதவர் அதை மூலிகையின் நஞ்சு என்று எழுதிவிடுவார்.

சாறு கொடுத்தபின் எலியைக் கவனிக்க முதல் நான்கு மணி நேரம் முக்கியம்தான், ஆனால் அத்தோடு நிறுத்தக் கூடாது. ஒடுவந்தழை என்ற நச்சுச் செடியை நம் கடலூர், புதுவை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். உட்கொண்டவர் தொடக்கத்தில் தெளிவாகவே இருப்பார். சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறி, இரத்தத்தில் அமிலம் கூடி, சில நாள் கழித்தும் இதயம் தடுமாறலாம். 'மூலிகைதானே' என்பவர்களுக்கு இந்த ஒரு செடி போதும்.

இன்னொன்று, எந்தச் செடி? கீழாநெல்லி என்று கட்டாக வாங்கினால் அதே சாயலில் வேறு நெல்லிகளும் கலந்து வரும். சோதனைக்கு எடுத்த செடியின் மாதிரியை உலர்த்தி எண்ணிட்டு வைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலேயே உலர்செடித் தொகுப்பு இருக்கிறது. சிப்காட் பக்கமோ நெடுஞ்சாலை ஓரமோ பறித்ததென்றால் ஈயம், காட்மியம் பார்க்காமல் எலிக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆல்கஹாலில் இறக்கிய சாற்றின் முடிவை வீட்டுக் கஷாயத்துக்குப் பொருத்துவதும் தவறு. 100 கிராம் காய்ந்த இலையில் 10 கிராம் சாறு கிடைத்தால், ஒரு கிராம் சாறு பத்து கிராம் இலைக்குச் சமம். இந்தக் கணக்கு செய்திகளில் வருவதே இல்லை.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. துடிக்கும் எலியை 14ஆம் நாள் வரை விட்டுவைப்பதும் அறமல்ல. வலியில்லாமல் முடித்து, இறந்த கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், எத்தனை எலி, எத்தனை நாள், எதில் இறக்கிய சாறு என்று கேட்டு, 2000 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அந்த விவரம் கிடைக்காவிட்டால் தலைப்பில் 'பாதுகாப்பானது' என்ற சொல்லைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் துறையினர் சிலர்,
கடலூர்.