ரமணிக்கு, அந்தப் பச்சை மாத்திரை பற்றி

அன்புள்ள ரமணி,

இங்கே எல்லோரும் சுகம். வாணிக்குப் பையன் பிறந்திருக்கிறான், மூக்கு அப்படியே பெரியப்பா மூக்கு. மற்றதெல்லாம் அப்புறம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

தினமும் வைட்டமின் ஈ, 400 மில்லிகிராம் போடுகிறாய் என்று மல்லிகா சொன்னாள். அதைப் போட்டால் வயதே வெளியில் தெரியாதாம்! விடுதியில் முகத்துக்குக் கடலை மாவு அரைத்த அதே ரமணிதானே நீ. ஆனால் கோபமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

வைட்டமின் ஈ நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வில் கொழுப்பு இருக்கிறது. உடம்பில் தானாக உண்டாகும், எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுகளான ஃப்ரீ ராடிக்கல்கள் அந்தக் கொழுப்பு மூலக்கூறு ஒன்றைக் கெடுத்தால், கெட்டது பக்கத்தில் இருப்பதைக் கெடுத்து, அப்படியே பரவும். நாள்பட்ட கடலை எண்ணெயில் சிக்கு வாடை வருவதும் இதனால்தான். வைட்டமின் ஈ சவ்வுக்குள்ளேயே இருந்துகொண்டு, தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. அப்படி வலுவிழந்ததை வைட்டமின் சி மறுபடி தேற்றிவிடுகிறது. எத்தனை வருஷம் பாடம் நடத்தினாலும் இந்த இடம் வரும்போது எனக்கு உற்சாகம் குறைந்ததே இல்லை.

முதுமைக்கே ஃப்ரீ ராடிக்கல்தான் காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956-இல் எழுதினார். அப்படியானால் அதைத் தடுக்கும் சத்தை அள்ளி விழுங்கினால் இளமை நீடிக்குமே என்று உலகமே கிளம்பிவிட்டது. சோதித்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 1994-இல் வந்தது. கேரட்டில் இருக்கும், இதேபோல் ஃப்ரீ ராடிக்கலைத் தடுக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் மூளை ரத்தக்கசிவால் இறந்தவர்கள் அதிகம். இத்தனைக்கும் அவர்களுக்குக் கொடுத்தது 50 மில்லிகிராம்தான்.

ஃப்ரீ ராடிக்கல் முழுக்க எதிரியும் இல்லை. உழைக்கும் தசைக்கு "இன்னும் வலுவாகு" என்று சொல்லும் சைகையும் அதுதான். 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களை உடற்பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். சி, ஈ மாத்திரை போட்டவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நீ விடியற்காலையில் எழுந்து பூங்காவைச் சுற்றி வருகிறாயே, அந்த உழைப்பின் பலனை ஏனம்மா மாத்திரை போட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

இதையெல்லாம் விடு. உனக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாய். அதிக அளவு வைட்டமின் ஈ, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று மல்லிகாவிடம் சொன்னாயாமே? அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. "வெறும் வைட்டமின்தானே" என்று நீ டாக்டரிடம் சொல்லாமலே இருந்திருப்பாய், எனக்குத் தெரியும்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனை வரை காத்திருக்காதே. நாளைக்கே அந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் உன் இதய டாக்டரிடம் காட்டு, ஈறு விஷயத்தையும் சொல். அவர் சொல்கிறபடி செய். வைட்டமின் ஈ ஒரு நாளைக்குத் தேவையே சுமார் 15 மில்லிகிராம்தான். ஒரு பிடி வேர்க்கடலை, கொஞ்சம் பாதாம், சூரியகாந்தி விதை என்று சாப்பாட்டிலேயே பெரும்பங்கு வந்துவிடும். கீரையை மட்டும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ செய்யாதே, அதிலிருக்கும் வைட்டமின் கே உன் வார்ஃபரின் கணக்கை மாற்றிவிடும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. எழுத முடியாவிட்டால் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

உன்,
செல்வி