வாய் திறக்க வேண்டாத கூட்டம்

அடியே குண்டூசி,

நான் நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதென்றால் திட்டிக்கொள், காது கொடுக்கிறேன். ஆனால் நம்ம ராட்சசியிடம் நீ சொன்னதாக ஒரு சேதி வந்தது பார், அதற்குப் பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. "யின் யோகாவா? அது சோம்பேறிகளுக்கான யோகா. படுத்துக்கிடக்க எதற்கு வகுப்பு, எதற்குக் கூட்டம்?" அப்படித்தானே சொன்னாய்?

சரி, தரையில் உட்கார். பட்டர்ஃபிளை என்று ஒரு நிலை. பாதங்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, உடம்பிலிருந்து நன்றாகத் தள்ளி விடு. முதுகைக் கூன் போட விடு, தலையைத் தொங்கப்போடு. இனி அசையாதே. முதல் நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். இரண்டாவது நிமிடம் உள்தொடை முனக ஆரம்பிக்கும். மூன்றாவதில் உடம்பை விட்டுவிட்டு மனசு ஆடும் பார், கேஸை அணைத்தோமா, அன்றைக்கு அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று. ஒரு நிலையில் 3 முதல் 5 நிமிடம் வரை இருக்க வேண்டும். தசையைத் தளர விட்டுவிட்டு, மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் நார்களுக்கும் ஃபேஷியா என்கிற சவ்வுக்கும் மெதுவான இழுவை கொடுப்பதுதான் நோக்கம். அவசரத்துக்கு அவை மசியாது. சோம்பேறியால் இதைச் செய்யவே முடியாதடி.

அடுத்து நீ மெரிடியன் சமாசாரத்தைக் கிண்டல் பண்ணுவாய். எனக்குத் தெரியும், அறிவியல் மன்றச் செயலாளர் ஆயிற்றே! மெரிடியன் என்றால் உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதை. அவற்றில் முக்கியமானவை 12. சிறுநீரகப் பாதை உள்ளங்காலில் தொடங்கிக் காலின் உட்புறமாக ஏறுகிறது. கல்லீரல் பாதை கால் கட்டைவிரலிலிருந்து கிட்டத்தட்ட அதே வழியில் வருகிறது. அதனால்தான் பட்டர்ஃபிளையில் உட்கார்ந்தால் எங்கள் ஆசிரியை இந்த இரண்டையும் சொல்வார். சிறுநீர்ப்பைப் பாதைதான் ஊர்சுற்றி: கண்ணின் உள்மூலையில் கிளம்பி, உச்சந்தலை, முதுகு, காலின் பின்பக்கம் என்று போய்க் கால் சுண்டுவிரலில் முடிகிறது. அதில் மட்டும் 67 அக்குபஞ்சர் புள்ளிகள்.

உடலை அறுத்துப் பார்த்து இப்படி ஒரு குழாயை யாரும் கண்டதில்லை. 2002இல் ஹெலீன் லாஞ்செவின் என்ற ஆய்வாளரின் குழுவினர் மனிதக் கையின் வெட்டுத்தோற்றங்களைப் பார்த்தபோது, அக்குபஞ்சர் புள்ளிகளில் சுமார் 80 சதவீதம் தசைகளுக்கு நடுவே ஓடும் இணைப்புத் திசுப் படலங்களோடு பொருந்தி வந்தன. சுவாரசியம்தான், ஆனால் அதை வைத்துச் சக்தி ஓடுகிறது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆயிரம் வருடப் பழைய கலை என்று யாராவது அளந்தாலும் நம்பாதே. பால் கிரில்லி என்ற யோகா ஆசிரியர், தற்காப்புக் கலைஞர் பாலி ஜிங்கிடம் நீண்ட நேரம் நிலைத்திருக்கும் முறையைக் கற்றுக்கொண்டார், ஜப்பானின் ஹிரோஷி மோட்டோயாமாவிடமிருந்து மெரிடியன் கருத்தை எடுத்துக்கொண்டார், சாரா பவர்ஸ் என்ற ஆசிரியை 'யின் யோகா' என்ற பெயரைப் பரப்பினார். சரக்கு பழசு, கலவை நம் காலத்தது. எனக்கு அந்தப் பாதைகள் கவனத்துக்குப் போட்டுத் தந்த கோடு மாதிரி. உள்ளங்காலிலிருந்து இடுப்பு வரை மெல்லத் தொட்டுக்கொண்டே போனால், மனசு கேஸ் அடுப்புக்கு ஓடுவதில்லை.

கூட்டம் எதற்கு என்று கேட்டாயே. வீட்டில் செய்தால் இரண்டாவது நிமிடத்தில் எனக்கு ஒரு போன் வரும். வராவிட்டால் நானே யாருக்காவது போடுவேன். வகுப்பில் அது நடக்காது. ஒரு காலை முன்னால் மடக்கி, மற்றதைப் பின்னால் நீட்டும் டிராகன் நிலையில் இருந்தபோது பக்கத்துப் பாயில் ஒரு அம்மாவின் சுண்டுவிரல் வெடவெடவென்று நடுங்கியதைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை, ஒரு திண்டை இழுத்து மார்புக்கடியில் செருகிக்கொண்டு மூச்சை நீளமாக விட்டார். உடனே எனக்கும் அதே மூச்சு வந்தது, பின்னால் யாருக்கோ வந்தது. ஆக்ஸ்போர்டு படகு வீரர்களை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வு உண்டு. தனியாகத் துடுப்பு போட்ட பிறகு இருந்ததைவிட, சேர்ந்து போட்ட பிறகு அவர்கள் வலியை அதிகம் தாங்கினார்களாம். அவர்கள் தாளம் தப்பாமல் அசைந்தவர்கள், நாங்களோ மூட்டை மாதிரிக் கிடப்பவர்கள். ஆக, அதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. இருந்தாலும் அந்த மூச்சு பரவியது எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் கிண்டல் இல்லை. அம்மா போனதிலிருந்து நீ யாரையும் பார்ப்பதில்லை என்று ராட்சசி சொன்னாள். உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. போகிற இடமெல்லாம் "எப்படி இருக்கே?" என்று கேட்பார்கள், நீயும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் தயார் பண்ண வேண்டும். இந்த அறையில் யாரும் கேட்க மாட்டார்கள். விளக்கு மங்கலாக இருக்கும், ஒரு மணி நேரம் மனிதர்களுக்கு நடுவில் கிடக்கலாம், வாயைத் திறக்கவே வேண்டாம். குப்புறக் கிடக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தாலும் திரும்பிப் பார்க்கிறவர் இல்லை. எந்த மெரிடியன் திறந்தது என்று ஆராய வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டுத் தரையில் இது கிடைக்காதடி. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வகுப்பு தேடு. சுவரோரப் பாயாகப் பார்த்துப் பிடி. முழங்கால் கதையை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடு. முன்காலை மடக்கி அதன்மேல் குனிந்து படுக்கும் ஸ்லீப்பிங் ஸ்வான் நிலையில் முழங்காலுக்குள் சுருக்கென்று குத்தினாலோ, கால் மரத்து ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ உடனே வெளியே வா. மந்தமான இழுவை மட்டும்தான் இதில் செல்லும். பக்கத்தில் இருப்பவள் நெற்றி தரையைத் தொடுகிறதே என்று நீயும் குனியாதே, உன் போட்டி புத்தி எனக்குத் தெரியும்.

ராட்சசியும் உன்னோடு வருகிறாளாம். கடைசி சவாசனத்தில் அவள் குறட்டை விட்டால் தட்டி எழுப்புவது உன் வேலை.

இப்படிக்கு,
மூன்றாவது பெஞ்சுக்காரி