கல்லூரி வளாக நாய்களுக்கு வீடு தேடித் தரும் பணியில் மாணவர்களைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியர்,
மதுரை மாவட்டம்.
(கல்லூரி விவரமும் கையொப்பங்களும் இணைப்பில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: கல்லூரி வளாகங்களில் இருந்து அகற்றப்படும் நாய்களைத் தத்துக் கொடுக்க எளிய நடைமுறை வகுப்பது, அந்தப் பணியில் மாணவத் தன்னார்வலர்களை ஈடுபடுத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வளாகத்தில் திரியும் நாய்களைப் பிடிக்க எப்போது வேண்டுமானாலும் வண்டி வரலாம். கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றில் உள்ள தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகத்தில் சேர்க்க வேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி நாங்கள் வரவில்லை. நாய்க்கடிக்கு ஊசி போட அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் பிழைப்பது அரிது என்பதும் எங்களுக்குத் தெரியும். நாய்களை அகற்றட்டும். ஆனால் அவற்றில் எவற்றுக்கு வீடு கிடைக்குமோ, அந்த வீட்டைத் தேடும் வேலையை எங்களிடம் கொடுங்கள். இந்த மனுவின் சாரம் இவ்வளவுதான்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று அதே நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. நாய்க்கு அடையாள வில்லை மாட்டிக் கொடுக்க வேண்டும். அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு. உத்தரவு தெளிவாக இருக்கிறது, சரி. எந்த மேசையில் போய், எந்தத் தாளில் விண்ணப்பிப்பது?

எங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் செவலை என்றொரு பொட்டை நாய் இருக்கிறது. ஆறேழு வயது இருக்கும். முன்பே கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காதை வெட்டி விட்டிருக்கிறார்கள். பகல் முழுக்க ஏதாவது ஒரு வண்டியின் நிழலில் கிடக்கும். இரவு வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சை எடுத்ததும் எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, அவர் பின்னாலேயே வளாகத்தைச் சுற்றி வரும். மேலூர்ப் பக்கம் அவருக்கு ஒரு சின்னத் தோட்டம் உண்டு. "நானே கொண்டுபோய் வச்சுக்கிறேன் தம்பி" என்றார். எங்கே கேட்பது என்று தெரியாமல் ஓர் அலுவலகத்துக்குப் போனார். அது எங்கள் வேலை இல்லை என்று இன்னோர் இடத்தைக் காட்டினார்கள். அங்கே இருந்தவர், "நாயைக் கூட்டிட்டுப் போக எதுக்குய்யா பேப்பரு? சும்மா புடிச்சுட்டுப் போ" என்று சிரித்திருக்கிறார்.

பேப்பர் வேண்டும் ஐயா. அது இல்லாவிட்டால் நாளைக்கு அந்த நாய் யாரையாவது கடித்தால் பொறுப்பு யாருடையது என்று தெரியாது. ஊசி போட்ட நாயா என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அண்ணன் ஒழுங்காக வளர்க்கிறவர். அதனால்தான் பேப்பர் கேட்டார்.

ஒரு பக்கத்துக்கு மிகாத, தமிழில் எழுதிய விண்ணப்பம் ஒன்றும், வாரத்தில் ஒரு நாளும் ஓர் இடமும் குறித்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை ஊருக்கு நடுவில், எல்லோருக்கும் தெரிந்த இடம். சனிக்கிழமை காலையில் ஒரு கால்நடை மருத்துவரும், மாநகராட்சி சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவரும் அங்கே உட்கார்ந்தால் போதும். நாய்களைக் குளிப்பாட்டுவது, படம் எடுப்பது, வருகிறவர்களிடம் பேசுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தமுக்கம் மைதானத்தில் பந்தல் போட்டு விழா எடுக்க வேண்டியதில்லை. பொன்னாடையும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்களே எங்களுக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது. விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கும் மாணவர் பெயரில் தயவுசெய்து நாயைத் தத்துக் கொடுக்காதீர்கள். ஆசை நிறைய இருக்கும், ஏப்ரலில் கடைசித் தேர்வு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவோம். வீட்டுக்காரர் ஒரு சொல் சொன்னாலே நாய் தெருவுக்கு வந்துவிடும். கல்லூரிகள் இருக்கிற தெருக்களில் கழுத்துப் பட்டையோடு அலையும் நாய்கள் எப்படி வந்தன என்று அந்தத் தெரு டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். தத்து எடுப்பது குடும்பமாக இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிப்பதும், கொடுத்த பிறகு போய்ப் பார்த்து வருவதும்தான் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. எங்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். எந்த வீட்டில் நாய் செத்துப்போய்க் கொட்டில் காலியாக இருக்கிறது, எந்தத் தோப்புக்குக் காவல் வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிகிற அளவுக்கு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.

கிராமத்தில் கொடுப்பது என்றால் அங்கே அவிழ்த்துவிட்டு வருவது என்று பொருள் இல்லை. ஆடு வளர்க்கிறவர்கள் நாய்களால் படும் பாடு தாங்கள் அறிந்ததே. அதனால் ஆட்டைக் கடித்துப் பழகிய நாய், ஆளைக் கண்டால் பாயும் நாய் எதையும் நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். எது தகுதி என்று முடிவு செய்வது மருத்துவராக இருக்கட்டும்.

அடுத்தது பொட்டைக் குட்டிகள். குட்டி வேண்டும் என்று வருகிறவர் கூடையில் இருப்பதில் கொழுத்த ஒன்றைத் தூக்குவார், கொஞ்சுவார், அப்படியே புரட்டி வயிற்றுப் பக்கம் பார்ப்பார். பொட்டை என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் கூடையில் வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்குவார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாட்டு இனங்களைப் பற்றிப் பெருமை பேசுகிற பகுதி இது. ஆனால் தெருவில் பிறந்த பொட்டைக் குட்டிக்கு மட்டும் ஆள் கிடைப்பதில்லை. அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டோம். வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு குட்டி என்றால் யாரால் சமாளிக்க முடியும்? மனசு கேட்காமல் எடுத்துப் போகிற சிலரும், பருவம் வந்ததும் கண்மாய்க் கரையில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த கூட்டம் அங்கிருந்து தொடங்குகிறது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவும் அதிகம் இல்லை. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-ன்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைக் கருத்தடைக்குப் பிடிக்கக்கூடாது. அதனால் குட்டியைத் தத்துக் கொடுக்கும்போதே, அது வளர்ந்ததும் இன்ன மாதத்தில் இன்ன மையத்தில் இலவசமாக அறுவை செய்யப்படும் என்று தேதி குறித்து முத்திரையிட்ட சீட்டு ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால் பொட்டைக் குட்டியையும் எடுத்துக்கொள்ளச் சொல்லித் தைரியமாகக் கேட்போம், வருகிறவர்களும் யோசிப்பார்கள். தேதி வரும்போது நினைவுபடுத்துவதும், வண்டி இல்லாதவர்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. நாங்கள் கேட்பவற்றில் ஒன்றே ஒன்றுதான் நிறைவேற்ற முடியும் என்றால், இதை நிறைவேற்றித் தாருங்கள்.

குட்டிகளைக் காப்பகக் கூண்டில் அடைத்து வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பார்வோ, டிஸ்டம்பர் போன்ற நோய்கள் ஒரு கூண்டில் வந்தால் வரிசையாகப் பரவும். பார்வோ வந்து ரத்தக் கழிச்சல் கண்ட குட்டி பெரும்பாலும் சில நாட்கூடத் தாங்குவதில்லை. தடுப்பூசிகள் முடியும் வரை சில வாரங்களுக்குக் குட்டிகளைத் தற்காலிகமாக வீடுகளில் வைத்து வளர்க்க அனுமதித்தால், உள்ளூர் மாணவர்களின் வீடுகள் சில தயாராக இருக்கின்றன. பெற்றோர் சம்மதக் கடிதங்களை இணைத்திருக்கிறோம்.

எங்களுக்காகக் கேட்பது இரண்டுதான். நாய்களோடு பழகும் தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே போடும் வெறிநோய்த் தடுப்பூசி மூன்று தவணை. அதை அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போட ஏற்பாடு செய்ய வேண்டும். ஊசி முடியாத மாணவரை நாய்ப் பக்கம் விடக்கூடாது என்பதையும் விதியாகவே வைத்துவிடுங்கள். இரண்டாவது, நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். காப்பகத்தில் கழுவிக் கூட்டுவதும், தத்துக் கொடுத்த வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேரும்படி பல்கலைக்கழகத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும். மரம் நட்டுப் படம் எடுத்த மணி நேரம் கணக்கில் வருகிறது. இது வரக் கூடாதா?

நவம்பர் 7 உத்தரவிலேயே, விலங்குகளிடம் எப்படி நடந்துகொள்வது, கடித்தால் என்ன முதலுதவி என்று கல்வி நிலையங்களில் விழிப்புணர்வு நடத்த வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நடத்தவும் நாங்கள் தயார். எங்கள் ஏழு நாள் சிறப்பு முகாம் நடக்கும் கிராமத்தில், கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று சொன்னபோது, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தால் போதாதா என்று கேட்ட பெரியவர்கள் நிறையப் பேர். பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால் அது வீட்டுக்குப் போய்ச் சேரும். அதே முகாமில் வீட்டு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட, கால்நடை பராமரிப்புத் துறை ஒரு நாள் மருத்துவக் குழுவை அனுப்பினால் நன்றாக இருக்கும்.

மாவட்ட பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவரும் தாங்களே என்பதால், மாநகராட்சி, கால்நடை பராமரிப்புத் துறை, மருத்துவமனை, கல்லூரிகள் நான்கையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத் தங்களால் மட்டுமே முடியும். அந்தக் கூட்டத்துக்கு எங்களில் இருவரையும், எங்கள் திட்ட அலுவலரையும் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் வளாகத்துக்கு வண்டி அனுப்பும் தேதி முடிவானதும் இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவித்தால், அதற்குள் வீடு கிடைத்த நாய்களின் பட்டியலை விண்ணப்பங்களோடு கொடுத்துவிடுவோம். செவலைக்கான விண்ணப்பத்தை வாட்ச்மேன் அண்ணன் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதையும் இந்த மனுவோடு இணைத்திருக்கிறோம். முதல் விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பெற்றோர் சம்மதக் கடிதங்கள், தத்தெடுப்பு விண்ணப்பம் ஒன்று.

நகல்: மாநகராட்சி ஆணையர், மதுரை, மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை, மதுரை.