சாவி ஆரிட்டை?

பிரம்ரன், ஒன்ராறியோ
மாசி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கடை கடிதம் போன கிழமை கிடைச்சுது. இவ்வளவு நாளும் எழுதேல்லையெண்டு கோவிக்காதையுங்கோ. இரவு வேலை, பகலிலை நித்திரை. குளிர் மைனஸ் 18. கீழ்வீட்டுப் போலந்துக் கிழவர் விடியப்புறமே எழும்பி எங்கடை வாசல் ஸ்னோவையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்; நன்றி சொன்னால் ஏசுவார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இந்த மாதக் காசு மட்டும் கொஞ்சம் பிந்தும், பாங்கிலை ஏதோ அலுவலாம்.

குஞ்சியப்புவின்ரை அரைக்கிற மில்லிலை தம்பியின்ரை விரல் நசிஞ்சதை ரெண்டு வரியிலை எழுதி முடிச்சிட்டியள். நகம் கழண்டால் உள்ளுக்கை எலும்பும் வெடிச்சிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்ததோ, ஏற்பு ஊசி, அதுதான் ரெற்றனஸ் ஊசி, போட்டதோ? உடனை எழுதுங்கோ.

இஞ்சை என்ரை வேலையே பேக்கரி மெசின் கழுவுறதுதான். கழுவேக்கையும் அடைப்பு எடுக்கேக்கையும் காப்பு மூடி கழண்டிருக்கும், கை உள்ளுக்கை போகும். ரெண்டு உருளை சந்திக்கிற இடமும், பெல்ற் சில்லிலை ஏறுற இடமும் விரலை உள்வாங்கினால் பறிக்க நேரம் கிடையாது. மெசின் நிண்டு, திரும்ப அசையாமல் தடுத்த பிறகுதான் கழுவலாம், எண்ணெய் போடலாம் எண்டு ஒன்ராறியோவின்ரை தொழிற்சாலை ஒழுங்குவிதி 851 சொல்லுது.

தம்பிக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ. முதலிலை பக்கத்திலை நிக்கிற எல்லாருக்கும் சொல்லவேணும். மெசினை நிப்பாட்டிப்போட்டு, சுவரிலை இருக்கிற மெயின் சுவிற்சை இறக்கி அதிலை பூட்டுப் போடவேணும். சாவி, கையை விடுறவன்ரை பொக்கற்றிலை. குஞ்சியப்புவிட்டையும் இல்லை, ஆணியிலையும் இல்லை. ரெண்டு பேர் வேலை செய்தால் ரெண்டு பூட்டு. சுவிற்ச் இறக்கினாலும் அரைக்கிற மெசின் கொஞ்ச நேரம் சுத்தும். அது முழுக்க நிக்குமட்டும் காத்து நிக்கவேணும். பிறகு ஸ்டார்ட் பொத்தானை அமத்திப் பாக்கவேணும். ஓடாட்டித்தான் மூடியிலை கை வைக்கலாம். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் ஆக்கள் விடுறது. பிழையான சுவிற்சை இறக்கியிருந்தால் இதிலைதான் தெரியவரும். சிவப்புப் பொத்தானை நம்பவேண்டாம், அதை ஆரும் இழுத்துவிட்டுத் திரும்ப ஓட்டலாம்.

அங்கை இன்னொரு ஆபத்து இருக்கு. கறண்ட் போனவுடனை 'இப்ப வடிவாத் துடைக்கலாம்' எண்டு கையை விடுறது. பழைய நெம்பு சுவிற்ச் மேலை நிண்டபடி நிண்டால், கறண்ட் வந்த கையோடை மெசினும் ஓடும். கறண்ட் நிண்டால் தானாய் விழுந்து, திரும்ப அமத்தினால் மட்டும் ஓடுற ஸ்டார்ட்டர் இருக்கு. குஞ்சியப்பு கஞ்சத்தனம் பாக்காமல் அதைப் பூட்டட்டும். மோட்டரின்ரை தகட்டிலை உள்ள குதிரைவலுவையும், மூண்டு பேஸ் கறண்டோ எண்டதையும் எழுதி அனுப்புங்கோ.

ஓடுற மெசினுக்குக் கிட்டத் துணியும் கூடாது, கையுறையும் கூடாது, மோதிரமும் கூடாது. நிப்பாட்டின பிறகும் நீளப் பிடித் தூரிகைதான் நல்லது. அடைப்பு எடுக்கச் சில்லைக் கையாலை சுத்தவேணுமெண்டால் முதல் பெல்ற்றைக் கழட்டவேணும். இறுகி நிண்ட பெல்ற், அடைப்பு விட்டவுடனை கறண்ட் இல்லாமலே ஒரு இழுப்பு இழுக்கும்.

விரல் துண்டாய்ப் போனால் கையை உயர்த்தி, சுத்தமான துணியாலை இறுக்கி அமத்துங்கோ. துண்டைச் சேலைன் உப்புத்தண்ணியிலை நனைச்சுப் பிழிஞ்ச துணியிலை சுத்தி, பையிலை போட்டு வாய் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணிக்கை வையுங்கோ. ஐஸ் விரலிலை படக்கூடாது. நேரை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு. தேத்தண்ணி குடுக்காதையுங்கோ அம்மா, ஒப்பரேசனுக்கு வெறும் வயிறு வேணும்.

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934இலை இருந்து இருக்கு. சொந்தக்காரர் எண்டு நட்டஈட்டைக் கேக்காமல் விடவேண்டாம்.

இஞ்சத்தைக் கடையிலையும் யாழ்ப்பாணத் தூள் எண்டு விக்கினம். நீங்கள் வறுக்கேக்கை படலையடியிலையே தும்மல் வருமே, அது இதிலை வராது. ஆரும் வந்தால் ஒரு கிலோ குடுத்து விடுங்கோ. அரைக் கிலோவும் காணும்.

அக்காவின்ரை சாதகம் கோண்டாவிலாலை திரும்பி வந்ததோ? குஞ்சியப்பு காணி உறுதியைக் கேட்டால் கொப்பி மட்டும் குடுங்கோ, மூலம் அலுமாரியிலை இருக்கட்டும். பங்குனியிலை பெரியமாமா கொழும்பாலை வருவார். அவர் இருக்கேக்கை எல்லையை அளப்பிப்பம். அதுக்கு முதல் வடக்கு வேலியை அடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
ரவி